பிள்ளைகளை முகாமுக்கு அனுப்பலாமா?

(பெற்றோருக்கான வேதபாடம்)



பரீட்சை முடிகிற நேரம் வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு ஒரே கேள்வி: "பாஸ்டர், பிள்ளைங்களை கேம்ப்புக்கு அனுப்பலாமா, வேண்டாமா?" ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பு மாட்டுகிற இடத்திலே கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்திலே கேட்கிறார்கள். நான் வேலை பார்க்கிற இடத்துக்கே போன் பண்ணியும் கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் பதில் சொல்லி முடியவில்லை. ஆகையால் இந்த மாதம் அதையே வேதபாடமாக எழுதுகிறேன். வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படித்தால் இன்னும் நலம்.

முதலாவது ஒரு காரியம். நான் வி.பி.எஸ். பற்றி எழுதவில்லை. வி.பி.எஸ்.ஸுக்குக் காலையில் போகிற பிள்ளை மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடும். நான் சொல்வது மூன்று நாளோ ஐந்து நாளோ பிள்ளைகள் வெளியூரில் இராத்தங்குகிற முகாம். பகலைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள்: என்ன பாட்டு, என்ன நாடகம், யார் செய்தி கொடுக்கிறார்? ராத்திரியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இந்தப் பாடம் முக்கியமாய் அந்த ராத்திரியைப் பற்றியது.

முகாமே வேண்டாம் என்று சொல்லுகிறவன் அல்ல நான். 1994-ல் எனக்கு 14 வயது. ஒரு விடுமுறை முகாமில், ராத்திரி ஜெபத்திலேதான் கர்த்தர் என்னைச் சந்தித்தார். என் தட்டை நானே கழுவினதும், பாயை நானே சுருட்டினதும், வேறே ஊர்ப் பையன்களோடு சண்டை போட்டு, பிறகு சமாதானமானதும் அங்கேதான். வீட்டில் பத்து வருஷத்தில் கற்றுக்கொள்ளாததை அந்த ஐந்து நாளில் கற்றேன். முகாமினால் வருகிற ஆசீர்வாதம் எனக்குத் தெரியும். அது தெரிந்தபடியால்தான் ஒரு தப்பும் செய்தேன். அதை முதலில் அறிக்கையிட வேண்டும்.

நான் செய்த தப்பு

மூன்று வருஷத்துக்கு முன்னே நம் சபை முகாமுக்குப் பெயர் வாங்கிக்கொண்டிருந்தோம். ஒரு சகோதரி வந்தார்கள். கணவனை இழந்தவர்கள், ஒரே மகள். (அவர்களுடைய அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.) கையில் படிவம் இருந்தது, கையெழுத்து இல்லை. "பாஸ்டர், ராத்திரி பிள்ளைங்க எங்க படுப்பாங்க? கூட யாரு படுப்பாங்க? பாத்ரூம் எங்க இருக்கு?" என்று கேட்டார்கள்.

எனக்கு அன்றைக்கு ஆயிரம் வேலை. "சகோதரி, தேவனுடைய காரியத்துக்கு அனுப்புறீங்க. விசுவாசத்தோட அனுப்புங்க. கர்த்தர் பார்த்துக்குவார்" என்றேன். அவர்கள் ஒன்றும் பேசவில்லை. படிவத்தை நாலாக மடித்து வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். பிள்ளை வரவில்லை. எனக்கு உள்ளே சுருக்கென்றது. அடுத்த ஞாயிறு பிரசங்கத்திலே, அவிசுவாசத்தினால் பிள்ளைகளின் ஆசீர்வாதத்தைத் தடுக்கிற பெற்றோர் என்று ஜாடையாய் ஒரு வார்த்தையும் போட்டேன். அவர்கள் மூன்றாவது வரிசையிலே குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

முகாம் மலையடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. எனக்கு லீவு கிடைத்தது ஒரு நாள்தான். இரண்டாம் ராத்திரி அங்கே தங்கினேன். 52 பிள்ளைகள். பையன்கள் கீழே பெரிய ஹாலில், பெண்பிள்ளைகள் மாடியில் இரண்டு வகுப்பறைகளில். கழிப்பறை கட்டிடத்துக்குப் பின்னாலே, மைதானத்தைத் தாண்டி. அங்கே இருந்த ஒரே டியூப்லைட்டும் எரியவில்லை. உதவிக்கு வந்த வாலிபர்கள் பகலெல்லாம் ஓடியாடிக் களைத்து வராந்தாவிலே அயர்ந்து தூங்கினார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. விழித்திருக்கச் சொல்லி அவர்களிடம் யாரும் சொல்லவே இல்லை.

ராத்திரி ரெண்டு மணி இருக்கும். தாகத்துக்கு எழுந்து வெளியே போனேன். இருட்டிலே குழாயடியில் தண்ணீர் விழுகிற சத்தம். கிட்டே போய்ப் பார்த்தால் ஒரு சின்னப் பையன். படுக்கையிலே சிறுநீர் போய்விட்டது. மற்றப் பையன்கள் எழுவதற்கு முன்னே கால்சட்டையை அலசிவிட வேண்டும் என்று தனியாய் அங்கே வந்திருக்கிறான். என்னைப் பார்த்து நடுங்கிவிட்டான். "அங்கிள், யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றான். அவன் யாருடைய பிள்ளை என்று இங்கே எழுதமாட்டேன். அவனைக் கேட்டுக்கொண்டு அவன் தாயிடம் மாத்திரம் சொன்னேன்.

அன்றைக்கு ஒரு தீங்கும் நடக்கவில்லை. ஆனாலும் எனக்குப் பிறகு தூக்கம் வரவில்லை. அந்தப் பிள்ளை ஹாலிலிருந்து குழாயடிக்கு வருகிற வரைக்கும் எத்தனை பெரியவர்களைத் தாண்டி வந்தான்! ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த இருட்டில் அவனைக் கண்டது நான். வேறே யாராவது கண்டிருந்தால்?

எங்கே படுப்பார்கள், யார் கூடப் படுப்பார்கள், பாத்ரூம் எங்கே? அந்தச் சகோதரி கேட்ட மூன்று கேள்வியும் மூன்று சாட்சிகள் மாதிரி என் முன்னே நின்றது. நான் போய்ப் பார்த்தும் காணாததை அவர்கள் போகாமலே கண்டிருந்தார்கள்.

மன்னிப்புக் கேட்க எனக்கு நாலு மாசம் ஆச்சு. ஊழியக்காரனுக்கும் பெருமை உண்டு. கடைசியில் நானும் என் மனைவியும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். "பாஸ்டர், நான் விசுவாசம் இல்லாம கேக்கல. நான் சின்ன வயசுல ஹாஸ்டல்ல இருந்தவ" என்றார்கள். அதற்கு மேல் சொல்லவில்லை. என் மனைவி மாத்திரம் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகுதான் இந்தப் பாடத்தை வேதத்தில் தேட ஆரம்பித்தேன். இப்போது அதற்குள் வருவோம்.

1. பெட்டியை விட்டாள், ஆளையும் நிறுத்தினாள்

யாத்திராகமம் 2-ம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மோசேயின் தாய் பிள்ளையை நதியிலே விட்டதை விசுவாசம் என்று பிரசங்கிக்கிறோம். மெய்தான். ஆனால் அவள் எப்படி விட்டாள் என்று பாருங்கள். நாணல்பெட்டி செய்தாள். தண்ணீர் புகாதபடி பிசினும் கீலும் பூசினாள். நடு ஆற்றில் தள்ளாமல் கரையோரத்து நாணலுக்குள்ளே வைத்தாள். அதோடும் நிற்கவில்லை. பிள்ளையின் அக்காள் தூரத்திலே நின்று என்ன ஆகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கவனியுங்கள். கீல் பூசினது அவிசுவாசம் அல்ல. அக்காள் நின்றதும் அவிசுவாசம் அல்ல. பார்வோனின் குமாரத்தி பெட்டியைத் திறந்தபோது, பிள்ளை தன் தாயிடமே திரும்பி வந்தது அந்த அக்காள் அங்கே நின்றபடியினாலேதான். கர்த்தர் அந்தக் காவலைக் கொண்டே அற்புதம் செய்தார். ஆகையால் எந்த ஊழியக்காரராவது, "கேள்வி கேட்கிறாயே, உனக்கு விசுவாசம் இல்லையா?" என்றால், நான் உட்பட, யாத்திராகமம் 2-ஐத் திறந்து காட்டுங்கள்.

2. யூதா பிணைப்பட்டான்

ஆதியாகமம் 42, 43 அதிகாரங்கள். பென்யமீனை எகிப்துக்கு அனுப்ப யாக்கோபுக்கு மனசில்லை. முன்னே ஒரு பிள்ளையை அனுப்பி இழந்த தகப்பன் அவன். ரூபன் வந்து, பென்யமீனைத் திரும்பக் கொண்டுவராவிட்டால் தன் இரண்டு குமாரரையும் கொன்றுபோடலாம் என்கிறான். யாக்கோபு ஒத்துக்கொள்ளவில்லை. பேரப்பிள்ளைகளை இழப்பது அவனுக்கு என்ன ஆறுதல்? பிறகு யூதா வருகிறான். தானே பிணை என்றும், தன்னிடத்திலே கணக்குக் கேட்கலாம் என்றும், கொண்டுவராவிட்டால் வாழ்நாளெல்லாம் குற்றம் தன்மேல் இருக்கட்டும் என்றும் சொல்லுகிறான். அப்போதுதான் தகப்பன் அனுப்புகிறான். 44-ம் அதிகாரத்திலே பென்யமீனுக்கு ஆபத்து வந்தபோது, அவனுக்குப் பதில் தானே அடிமையாகிறேன் என்று யூதா முன்னே வந்து நின்றான்.

நாம் கேட்க வேண்டியது இதுதான்: இந்த முகாமில் யூதா யார்? "கமிட்டி பார்த்துக்குவாங்க", "பிரதர்ஸ் எல்லாரும் இருக்காங்க" என்பது பதில் அல்ல. பெயர் சொல்லி ஒருவர் வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கும் எடுக்கிற போன் நம்பர் வேண்டும். பொறுப்பு பத்துப் பேர் கையிலே இருந்தால் உண்மையில் ஒருவர் கையிலும் இல்லை.

3. கூட்டத்தில் இருப்பார் என்று எண்ணினார்கள்

லூக்கா 2-ம் அதிகாரம். இயேசுவுக்குப் பன்னிரண்டு வயது. பண்டிகை முடிந்து திரும்புகிறார்கள். பிள்ளை கூட்டத்தோடு வருகிறார் என்று எண்ணி ஒரு நாள் பிரயாணம் வந்துவிட்டார்கள். பிறகுதான் உறவுக்காரருக்குள்ளும் தெரிந்தவர்களுக்குள்ளும் தேடினார்கள். மூன்று நாளைக்குப் பிறகு தேவாலயத்திலே கண்டார்கள். யோசேப்பும் மரியாளும் அஜாக்கிரதையான பெற்றோரா? இல்லை. எல்லாரும் தெரிந்தவர்கள், எல்லாரும் விசுவாசிகள் என்கிற கூட்டத்திலேதான் இந்தத் தப்பு நடக்கும். ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்கிறார் என்று எண்ணுவார்கள்.

2023 பிப்ரவரி 15-ல் நடந்தது உங்களில் அநேகருக்கு ஞாபகம் இருக்கும். புதுக்கோட்டை மாவட்டத்து அரசுப் பள்ளி மாணவிகள் விளையாட்டுப் போட்டிக்கு ஆசிரியர்களோடு போனார்கள். கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் இறங்கினபோது நாலு பிள்ளைகள் மூழ்கிப்போனார்கள். 2025 ஜூலை 4-ந்தேதி அதிகாலையிலே அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்தில் குவாடலூப் ஆறு திடீரென்று பெருகியது. ஆற்றங்கரையில் 'கேம்ப் மிஸ்டிக்' என்கிற பெண்பிள்ளைகளின் கிறிஸ்தவ முகாம். 1926-ல் ஆரம்பித்தது. வெள்ளம் வரக்கூடிய தாழ்வான இடத்துக் குடில்களில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சிறுமிகளும் அவர்களை நடத்தின வாலிபப் பெண்களுமாக 27 பேர் மரித்தார்கள்.

அங்கே ஜெபம் குறைவு என்று சொல்ல யாருக்கும் வாய் துணியக்கூடாது. ஆறு ஜெபக்கூட்டத்தைப் பார்த்துப் பெருகுவதில்லை. முகாம் நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலே கிணறு உண்டா, குளம் உண்டா, ஆறு உண்டா, குளிக்க விடுவார்களா என்று கேளுங்கள். மலைக்குப் போகிற முகாமானால் வேனிலே எத்தனை சீட், எத்தனை பிள்ளை என்று கேளுங்கள். சேலத்திலிருந்து ஏற்காடு போகிற பாதையிலே 20 கொண்டை ஊசி வளைவு. அதிலே மடிமேல் மடி உட்கார வைத்துக் கொண்டுபோவது சிக்கனம் அல்ல, பாவம். ஒவ்வொரு வேளை சாப்பாட்டிலும், படுக்கப் போகும்போதும், வேன் ஏறும்போதும் தலை எண்ண வேண்டும். எண்ணுகிறவர் ஒருவராகவே இருக்க வேண்டும்.

4. சீலோவிலும் நடந்தது

இது கஷ்டமான பகுதி. 1 சாமுவேல் 1 முதல் 3 அதிகாரங்கள். பிள்ளையைத் தேவாலயத்துக்கு அனுப்பினதற்கு அன்னாளை உதாரணமாய் எடுப்போம். ஆனால் 2-ம் அதிகாரத்தின் நடுப்பகுதியை வேகமாய்த் தாண்டிப்போகிறோம். ஆசாரிப்புக் கூடார வாசலிலே ஊழியம் செய்த ஸ்திரீகளிடத்தில் ஏலியின் குமாரர் துன்மார்க்கமாய் நடந்தார்கள். ஊருக்கே தெரிந்தது. ஏலிக்கும் தெரிந்தது. வாயினால் கண்டித்தான், நிறுத்தவில்லை. உடன்படிக்கைப் பெட்டி இருந்த ஸ்தலத்திலேயே இது நடந்தது. ஸ்தலம் பரிசுத்தமாயிருப்பதினால் அங்கே இருக்கிற எல்லா மனுஷரும் பரிசுத்தர் ஆகிவிடுவதில்லை.

நம் காலத்திலும் பார்த்தோம். ஜான் ஸ்மைத் என்பவர் இங்கிலாந்தில் பெரிய வழக்கறிஞர், பள்ளி மாணவருக்கான கிறிஸ்தவ முகாம்களில் தலைவர். முகாம்களின் மூலம் பழகின பையன்களைப் பாவத்துக்குச் சிட்சை என்ற பெயரில் கொடூரமாய் அடித்தார். 1982-லேயே அதைப் பற்றி ஓர் அறிக்கை எழுதப்பட்டது. போலீசுக்குப் போகாமல் சிலருக்குள்ளேயே மூடி வைத்தார்கள். அவர் ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கேயும் முகாம் நடத்தினார். நூற்றுக்கும் அதிகமான பிள்ளைகள் பாதிக்கப்பட்டார்கள். 2018-ல் வழக்கு விசாரணைக்கு நிற்காமலே மரித்தார். 2024 நவம்பரில் முழு விசாரணை அறிக்கை வெளியானபோது கேன்டர்பரி பேராயரே பதவி விலக வேண்டியதாயிற்று.

தூரத்து ஊர்க் கதை என்று நினைக்காதீர்கள். 2024 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்று சொல்லிப் பிள்ளைகளை இராத்தங்க வைத்தார்கள். நடத்தின ஆளுக்கும் என்.சி.சி.க்கும் சம்பந்தமே இல்லை. 13 வயது மாணவி பாலியல் கொடுமைக்கு ஆளானதாக வழக்குப் பதிவானது. வேறு பல மாணவிகளும் புகார் சொன்னார்கள். அந்த ஆளோடுகூட, மறைத்ததாகப் பள்ளியைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள். அவன் யார், எங்கிருந்து வந்தான், யார் அனுப்பினது என்று ஆரம்பத்திலே ஒருவர் விசாரித்திருந்தால்?

இப்போது 3-ம் அதிகாரம். ராத்திரியிலே கர்த்தர் சாமுவேலைக் கூப்பிட்டார். அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கப்பட்ட முதல் செய்தி என்ன? ஏலியின் வீட்டின்மேல் வருகிற நியாயத்தீர்ப்பு. குமாரரின் அக்கிரமத்தை அறிந்தும் அடக்காமற்போனதினால் வருகிற தீர்ப்பு. அதைக் கேட்ட பிள்ளை விடியுமட்டும் படுத்திருந்தான். காலையிலே எழுந்து, வழக்கம்போலக் கதவுகளைத் திறந்தான். ஏலிக்குச் சொல்லப் பயந்தான்.

பெற்றோரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பெரிய பாரம் ஒன்று உள்ளே இருக்கிறது. வெளியே பிள்ளை வழக்கம்போல வேலை செய்கிறான். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நம் பிள்ளைகளும் அப்படித்தான். முகாமிலிருந்து வந்ததும், "நல்லா இருந்துச்சா?" என்று கேட்கிறோம். "ம்" என்று சொல்லிவிட்டு டி.வி. பார்க்கப் போய்விடுவார்கள். நாமும் விட்டுவிடுகிறோம்.

ஏலி அநேக காரியத்தில் தவறினான். ஆனால் இந்த ஒன்றைச் சரியாய்ச் செய்தான். அவனே பிள்ளையைக் கூப்பிட்டான், ஒன்றும் மறைக்காமல் சொல் என்று வற்புறுத்தினான். தன் குடும்பத்துக்கே விரோதமான வார்த்தை என்று அறிந்தபோதும் பிள்ளையைத் திட்டவில்லை, பொய் சொல்லுகிறாய் என்று அடிக்கவில்லை. ஊழியக்காரரைப் பற்றிப் பிள்ளை ஏதாவது சொன்னால், "தேவமனுஷனைப் பத்தி அப்படிப் பேசாதே" என்று எத்தனை வீட்டில் வாயை அடைக்கிறோம்! அன்றைக்குக் கர்த்தர் பேசினது பிள்ளையின் வாய் மூலமாய்.

சட்டமும் இதைச் சொல்லுகிறது. 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டத்தின்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தவர் யாரானாலும் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். இதிலே பாஸ்டருக்கு விலக்கு இல்லை, மூப்பருக்கு விலக்கு இல்லை. சபைக்குள்ளே பேசி முடித்துக்கொள்ளலாம் என்பது இந்தக் காரியத்தில் கிடையாது. பிள்ளைகள் உதவிக்கு 1098 என்ற எண் இரவும் பகலும் உண்டு, காசில்லை. உங்கள் பிள்ளைக்கு அந்த எண்ணை மனப்பாடமாக்குங்கள்.

5. பிள்ளைகளின் நடைக்கு ஏற்ப

இடம் சரி, ஆட்கள் சரி. அப்படியானால் எல்லாப் பிள்ளையையும் அனுப்பிவிடலாமா? ஆதியாகமம் 33-ல் ஏசா யாக்கோபைத் தன்னோடு வரக் கூப்பிட்டபோது, பிள்ளைகள் இளம்வயதினர், அவர்களுடைய கால்நடைக்குத் தக்கபடி மெதுவாய் வருகிறேன் என்றான். அன்னாளும் பொருத்தனை பண்ணின உடனே பிள்ளையைக் கொண்டுபோகவில்லை. பால் மறக்கிறவரைக்கும் வருஷாந்தரப் பிரயாணத்துக்குக் கூடப் போகாமல் வீட்டிலே காத்திருந்தாள்.

ஆகையால் வயதை மாத்திரம் பார்க்காதீர்கள், பிள்ளையைப் பாருங்கள். பாட்டி வீட்டிலோ அத்தை வீட்டிலோ அப்பா அம்மா இல்லாமல் இரண்டு ராத்திரி தங்கியிருக்கிறானா? இல்லையென்றால் அதை முதலில் செய்து பாருங்கள். தானே குளிக்க, உடுத்த, வயிற்றுவலி என்றால் வாய் திறந்து சொல்லத் தெரியுமா? வீட்டு ஞாபகம் வந்து ஒரு நாள் அழுவது எல்லாப் பிள்ளைக்கும் உண்டு, பயப்பட வேண்டாம். படுக்கையில் சிறுநீர் போவதையும் வெட்கமாய் எண்ணாதீர்கள். ஏழு வயதிலும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பிள்ளைகளுக்கு அது உண்டு என்று மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். மறைத்து அனுப்பாமல் பொறுப்பாளரிடம் தனியாய்ச் சொல்லுங்கள். வீசிங், வலிப்பு, அலர்ஜி இருந்தால் மருந்தையும் அளவையும் எழுதிக் கொடுங்கள்.

பிள்ளை வேண்டாம் என்றால் ஏன் என்று கேளுங்கள். சும்மா கூச்சமா, பயமா, அல்லது அங்கே வருகிற யாராவது ஒருவரைப் பிடிக்கவில்லையா? கடைசிக் காரணமானால் அந்த இடத்திலேயே நின்று விசாரியுங்கள். சேட்டை பண்ணுகிறான், அஞ்சு நாள் தொல்லை விட்டது என்று தண்டனையாய் அனுப்பாதீர்கள். போகும் முன்னே ஒன்றைச் சொல்லிக்கொடுங்கள்: "அப்பா அம்மாகிட்ட சொல்லாதேன்னு யார் சொன்னாலும், அதைத்தான் எங்ககிட்ட முதல்ல சொல்லணும். நாங்க கோபப்படமாட்டோம்."

படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்னே கேட்க வேண்டிய ஏழு

1. முழுப் பொறுப்பும் யாருடையது? அவருடைய போன் ராத்திரியும் எடுக்கப்படுமா?
2. எத்தனை பிள்ளைக்கு எத்தனை பெரியவர்கள்? அவர்களைச் சபைக்கு எத்தனை வருஷமாய்த் தெரியும்?
3. பையன்கள் எங்கே, பெண்பிள்ளைகள் எங்கே படுக்கிறார்கள்? ராத்திரி முறை போட்டு விழித்திருப்பவர்கள் யார்?
4. கழிப்பறைக்கும் குளியலறைக்கும் விளக்கும் தாழ்ப்பாளும் உண்டா? இருட்டில் தனியாய்ப் போக வேண்டுமா?
5. தண்ணீர், வாகனம் இரண்டிலும் என்ன ஒழுங்கு?
6. சுகமில்லாமற்போனால் எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு தூரம்? எத்தனை நிமிஷத்தில் எங்களுக்குச் சொல்வீர்கள்?
7. பிள்ளை நினைத்தால் வீட்டுக்குப் பேச முடியுமா? ஒரு ஊழியரைப் பற்றிப் பிள்ளை குறை சொன்னால் என்ன செய்வீர்கள்?

இந்த ஏழையும் கேட்கும்போது முகம் சுளிக்கிற முகாமுக்கு அனுப்ப வேண்டாம். சந்தோஷமாய்ப் பதில் சொல்லுகிற இடமானால் ஜெபித்து அனுப்புங்கள். நம் சபை முகாமுக்கும் இதே ஏழுதான். பதில்களை எழுதி நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருக்கிறோம். இனி நம் முகாமில் எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாய் மறைவான இடத்தில் இருக்கக்கூடாது, இரண்டு பேராய் இருக்க வேண்டும். இது எனக்கும் சேர்த்து. அன்றைக்கு அந்தக் குழாயடியில் நானும் இன்னொருவரை எழுப்பியிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் என்ன முடிவு?

"பாஸ்டர், உங்க பிள்ளைங்க?" என்று கேட்பீர்கள். மகளுக்கு 13, மகனுக்கு 9. மகள் பெட்டி அடுக்கவே ஆரம்பித்துவிட்டாள், அவள் வருகிறாள். மகன், "இந்த வருஷம் வேண்டாம்ப்பா" என்றான். எனக்கு யோசனையாகிவிட்டது. "பாஸ்டர் பிள்ளையே வரலைன்னா சபையார் என்ன நினைப்பாங்க?" என்றேன். என் மனைவி சமையலறையிலிருந்தே, "ஏங்க, சபையார் நினைக்கிறதுக்காகவா பிள்ளையை வளக்குறோம்?" என்றாள். மறுபேச்சுப் பேச முடியவில்லை. அவன் வீட்டிலிருந்து வி.பி.எஸ்.ஸுக்குப் போவான். அடுத்த வருஷம் மறுபடியும் கேட்போம்.

அனுப்புவதும் விசுவாசம்தான், சில வருஷம் காத்திருப்பதும் விசுவாசம்தான். விசாரிக்காமல் அனுப்புவதும், பிள்ளை திரும்பி வந்த பிறகு கேளாமல் இருப்பதும் மாத்திரம் விசுவாசம் அல்ல.

இன்னொன்று. இந்த வருஷ முகாமிலே பெண்பிள்ளைகள் பக்கத்து ராத்திரிப் பொறுப்பை அந்தச் சகோதரியிடமே ஒப்படைத்திருக்கிறோம். போன ஞாயிறு தன் மகளின் படிவத்தைக் கொண்டுவந்தார்கள். ஏழு கேள்வியையும் என்னிடம் ஒவ்வொன்றாய்க் கேட்டார்கள். நாலாவது கேள்விக்கு, புது லைட் போட்டாச்சு என்றேன். "யார் போய்ப் பார்த்தாங்க?" என்றார்கள். சனிக்கிழமை நானே போய்ப் பார்த்து வந்து சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டார்கள்.

குடும்ப ஜெபத்தில் பேசுவதற்கு

1. மோசேயின் அக்காளைப்போல நம் பிள்ளையைத் தூரத்திலிருந்து கவனிக்கிறவர் முகாமில் யார்?
2. ஏலி கேட்டதுபோல நாம் பிள்ளையிடம் கடைசியாய்ப் பொறுமையோடு கேட்டது எப்போது?
3. பிள்ளை பெரியவர் ஒருவரைப் பற்றிச் சொன்னதை நாம் எப்போதாவது அடக்கினதுண்டா? இன்றைக்கே மறுபடியும் கேட்கலாமா?

பிள்ளைகளை நமக்குச் சுதந்தரமாய்த் தந்த கர்த்தர், அவர்களைப் போகையிலும் வருகையிலும் காத்துக்கொள்வாராக. காக்கிற கண்களை நமக்கும் தந்தருள்வாராக. ஆமென்.

ஊழியத்தில் உங்கள் சகோதரன்.